சம்பங்கித் தண்டில் ஏறும் சாயம்

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில் கர்நாடக எல்லை முடியும் இடத்தில் இருக்கும் அத்திபெலே, பெங்களூரு நகர மாவட்டத்தின் ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்தது. தொழிற்பேட்டையும் சோதனைச்சாவடியும் ஓயாத சரக்கு வண்டிகளுமாக அறியப்படும் இவ்வூரின் இருபுறமும், கர்நாடகப் பக்கம் ஆனேக்கல் சர்ஜாபுரா வரையிலும் தமிழகப் பக்கம் பாகலூர், தளி, தேன்கனிக்கோட்டை, ராயக்கோட்டை வரையிலும் பரந்து கிடக்கும் நிலம், தென்னிந்தியாவின் முதன்மையான பூ விளையும் வட்டாரங்களுள் ஒன்று. கன்னடமும் தமிழும் தெலுங்கும் ஒரே கடை வாசலில் புழங்கும் இந்த எல்லைப்பகுதியில், தொடக்கப்பள்ளிக் குழந்தைக்கு மிக எளிதாகக் கிடைக்கும் ஆய்வுப்பொருள் பூவே. ஆயினும் வீட்டுக்குள்ளேயே செய்யத்தக்க பூச் சோதனைகளைச் சொல்லும் குழந்தைநூல்கள் பலவும், வெள்ளைக் கார்னேஷனை வண்ண நீரில் நிறுத்தவும் சிவப்பு முட்டைக்கோஸை வேகவைத்துச் சாறெடுக்கவும் சொல்வதால், இவை யாவும் மேலைநாட்டுச் சமையலறையில் பிறந்த விளையாட்டுகள் என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. அந்த எண்ணம் பாதியளவே உண்மை. தண்டின் வழியே நீர் ஏறுவதும் புளிப்புக்கும் காரத்துக்கும் நிறம் மாறுவதும் ஐரோப்பிய ஆய்வாளர்களால் எழுத்தில் பதிவாகும் முன்பே பூக்காரர்களும் இல்லத்தரசிகளும் கைப்பழக்கமாக அறிந்திருந்த செய்திகள். பூக்களின் நிறம் பற்றிய நவீன ஆராய்ச்சியின் ஒரு பகுதி பெங்களூரிலேயே நடந்தது.

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் இப்பீடபூமியின் மிதமான வெயிலும் குளிர்ந்த இரவும் பூவுக்கு ஏற்றவை என்பதை முதலில் பெரிய அளவில் பயன்படுத்திக்கொண்டவர்கள் ஆட்சியாளர்கள். ஹைதர் அலி 1760இல் தொடங்கி, திப்பு சுல்தான் விரிவாக்கிய லால்பாக் தோட்டம் 1856இல் அரசுத் தாவரவியல் தோட்டமாயிற்று. 1889இல் அங்கு கண்ணாடி மாளிகைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பிறகு அந்த மாளிகையே மலர்க் கண்காட்சிகளின் நிரந்தர மேடையானது. ஆட்சியாளர்களின் தோட்டத்துக்குப் பின்னால் உழைப்பாளிகளின் தோட்டங்கள் இருந்தன. தமிழ்நிலத்திலிருந்து குடிபெயர்ந்தவர்கள் என்ற மரபைப் போற்றும் திகளர் சமூகத்தினர் பூவும் காய்கறியும் பயிரிடுவதில் கைதேர்ந்தவர்கள். அவர்கள் சித்திரைப் பௌர்ணமியையொட்டி தர்மராயர் கோயிலில் எடுக்கும் கரக விழாவில், தலையில் ஏந்தும் கரகம் முழுவதும் மல்லிகையால் மூடப்பட்டிருக்கும். 1928இல் திறக்கப்பட்ட கிருஷ்ணராஜேந்திர சந்தை, விடியலுக்கு முன்பே மல்லிகையும் சாமந்தியும் கனகாம்பரமும் மூட்டை மூட்டையாக இறங்கும் இடமாக வளர்ந்தது. 1965இல் மன்மோகன் அத்தாவர் பெங்களூரில் தொடங்கிய இந்தோ-அமெரிக்கன் ஹைபிரிட் சீட்ஸ் நிறுவனம் கலப்பினப் பூவிதைகளை வணிகமாக்கியது. பின்னர் பசுமைக்குடில்கள் பெருகி, ஓசூர்ப் பகுதியின் தாஜ்மஹால் வகைச் சிவப்பு ரோஜா பிப்ரவரி 14ஆம் நாளை நோக்கி வெளிநாட்டுக்குப் பறக்கும் சரக்காயிற்று.

இந்தத் தொழிலின் உள்ளறிவு எளிமையானதுபோல் தோன்றினாலும் கூர்மையானது. மொட்டு விரியும் முன்பே வெட்டப்படும் ரோஜா உடனே வாளித் தண்ணீரில் நிறுத்தப்படுகிறது, பிறகு 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குளிர் அறைக்குச் செல்கிறது, தண்டின் நீளத்துக்கேற்ப தரம் பிரிக்கப்பட்டு 20 தண்டு கொண்ட கட்டாக அட்டைக்குள் சுருட்டப்படுகிறது. விற்பனைக்கு முன் தண்டின் அடிப்பகுதி மீண்டும் நறுக்கப்படுகிறது, கவனமானவர்கள் அதைத் தண்ணீருக்குள் வைத்தே நறுக்குகிறார்கள். தண்டுக்குள் நீரைக் கொண்டுசெல்லும் நுண்குழாய்கள் உள்ளன, இவற்றைத் தாவரவியலில் சைலம் என்பர். இலைகளும் இதழ்களும் நீராவியை வெளியிட்டுக்கொண்டே இருப்பதால், குழாய்களுக்குள் உள்ள நீர் மேல்நோக்கி இழுபட்ட நிலையில் இருக்கிறது. காற்றில் வெட்டினால் அந்த இழுப்பு நீருக்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சிக்கொள்ள, குமிழி குழாயை அடைத்துவிடுகிறது. நீருக்கடியில் வெட்டப்பட்ட தண்டு நிமிர்ந்து நிற்பதும் காற்றில் வெட்டிச் சற்று நேரம் விட்டுவைத்தது கழுத்து வளைந்து தொங்குவதும், பூப்பண்ணைத் தொழிலாளி அன்றாடம் காணும் உண்மை. ஒரே கட்டிலிருந்து இரண்டு ரோஜாவை எடுத்து இவ்விரு முறையிலும் வெட்டி, ஒரே அளவு தண்ணீரில் இரண்டு நாள் வைத்துப் பார்ப்பதே குழந்தைக்கான முதல் சோதனை. இதற்குச் சாயம்கூடத் தேவையில்லை.

சாயத்தைக் கொண்டு இதைக் கண்ணுக்குத் தெரியச் செய்தவர்கள் ஐரோப்பியர்கள்தாம். பிரெஞ்சு நாட்டு இயேசுசபைத் துறவி நிக்கோலா சராபா, தெ லா பாயிஸ் என்ற பெயரில் 1733இல் வெளியிட்ட ஆய்வுரையில், ஃபைட்டோலக்கா என்னும் செடியின் பழச்சாற்றில் செடிகளை வைத்து, அச்சிவப்பு உள்ளே ஏறிச்செல்லும் பாதையைத் தொடர்ந்து பார்த்ததைப் பதிவு செய்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1727இல், இங்கிலாந்தின் மதகுரு ஸ்டீபன் ஹேல்ஸ் வெளியிட்ட நூலில் தொட்டியில் வளர்த்த சூரியகாந்தியை நாள்தோறும் எடைபோட்டு, அது எவ்வளவு நீரை ஆவியாக வெளிவிடுகிறது என்று கணக்கிட்டிருந்தார். செடிக்குள் நடப்பதைத் தராசைக்கொண்டு அளக்கலாம் என்ற அந்த எண்ணம் சாயத்தைவிடப் பெரிய கண்டுபிடிப்பு. எந்த விசை நீரை மேலே ஏற்றுகிறது என்ற கேள்வி அதன்பின் நீண்ட காலம் தீராதிருந்தது. வேர் அழுத்தித் தள்ளுகிறது என்றனர் சிலர். உயிருள்ள செல்கள் இறைக்கின்றன என்றனர் வேறு சிலர். எடுவார்ட் ஸ்ட்ராஸ்பர்கர் 1890களின் தொடக்கத்தில் வெட்டிய மரத்தின் அடியை நச்சுநீரில் நிறுத்தி, தண்டின் செல்கள் மடிந்தபிறகும் நீர் மேலே போய்க்கொண்டிருப்பதைக் காட்டினார். 1894இல் டப்ளினில் ஹென்றி டிக்சனும் ஜான் ஜோலியும், நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருப்பதால் மேலே ஆவியாகும் நீர் கீழே உள்ளதை இழுத்துவருகிறது என்ற விளக்கத்தை முன்வைத்தனர். இன்றைய பாடநூல்கள் ஏற்பது இதைத்தான்.

கொல்கத்தாவின் ஜகதீஷ் சந்திர போஸ் இவ்விளக்கத்தோடு உடன்படவில்லை. சாறேற்றம் குறித்து 1923இல் வெளியிட்ட நூலில், தண்டின் உட்புறச் செல்களின் துடிப்பே நீரை ஏற்றுகிறது என்று அவர் வாதிட்டார். அந்த முடிவு நிலைக்கவில்லை. தாவரங்களின் மிக நுண்ணிய அசைவையும் பெருக்கிக் காட்டும் கருவிகளை உருவாக்கிய ஒருவர் இவ்விடத்தில் வழிதவறியது அவரது பெருமையைக் குறைப்பதன்று. ஆனால் சாய நீரில் நிற்கும் வெட்டுப்பூவில் வேர் இல்லை என்ற ஒரே செய்தியை முன்வைத்து, தள்ளுவதற்கு வேர் இல்லாதபோது நீர் எப்படி ஏறியது என்று எட்டு வயதுக் குழந்தையிடம் கேட்டால், அது மேதைகள் நூற்றாண்டுக்கணக்கில் விவாதித்த கேள்வியின் நடுவிலேயே நின்றுவிடுகிறது. பூச் சோதனையின் மதிப்பு வண்ணம் மாறும் வேடிக்கையில் இல்லை, இக்கேள்வியில்தான் உள்ளது.

இவ்வட்டாரத்தில் இச்சோதனைக்கு மிகப் பொருத்தமான பூ சம்பங்கி. மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்டு உலகெங்கும் பரவிய இக்கிழங்குப் பயிரை, கன்னடத்தில் சுகந்தராஜா என்றும் தமிழகத்தில் சம்பங்கி அல்லது நிலச்சம்பங்கி என்றும் அழைக்கின்றனர். பெங்களூருக்கு வடக்கே ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய சிருங்கார், பிரஜ்வல் என்ற ஒற்றை அடுக்கு வகைகளும் சுவாசினி, வைபவ் என்ற பல அடுக்கு வகைகளும் விவசாயிகளிடம் பரவலாக உள்ளன. வெண்மையான, மெழுகு போன்ற இதழும் நீண்ட தண்டும் கொண்ட இப்பூவை வண்ண நீரில் நிறுத்திச் சாயமேற்றுவதை அலங்காரத் தொழிலினர் வணிகமுறையாகவே கையாள்கின்றனர். திருமண மேடைகளில் இயற்கைக்கு ஒவ்வாத நீலத்திலும் பச்சையிலும் காணப்படும் சாமந்திகளுக்குப் பின்னாலும் பெரும்பாலும் இத்தகைய சாயவேலைதான் இருக்கிறது. இந்தச் சாயப்பூக்கள் அழகா என்பது வேறு விவாதம். இயல்பான சம்பங்கியைவிட அவை மேலானவை என்று சொல்ல இடமில்லை.

வகுப்பறையில் செய்முறை இவ்வாறு அமைகிறது. முழுவதும் விரியாத சம்பங்கித் தண்டு ஒன்றின் அடியைத் தண்ணீருக்குள் சாய்வாக நறுக்கி, உணவில் சேர்க்கும் சிவப்பு அல்லது நீலச் சாயம் கரைத்த அரைக் குவளை நீரில் நிறுத்தி, காற்றோட்டமான சன்னலோரம் வைத்தால், சில மணி நேரத்தில் இதழின் விளிம்பிலும் நரம்புகளிலும் கோடுகோடாகச் சாயம் தெரியத் தொடங்கும்; காற்றாடியின் கீழ் வைத்த தண்டும் பாலித்தீன் உறையால் மூடிய தண்டும் ஒரே வேகத்தில் நிறம் பெறாததைக் காணும் குழந்தை, ஆவியாதலே இழுவிசை என்பதைச் சொல்லித்தராமலே உணர்ந்துகொள்ளும். தண்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைச் சிவப்பிலும் மறு பாதியைப் பச்சையிலும் வைத்தால், குழாய்கள் தனித்தனிப் பாதைகளாக ஓடுவது பூவிலேயே பிரிந்து தெரியும். மாலைவேளையில் தண்டைக் குறுக்கே வெட்டிப் பார்க்கும்போது வண்ணப் புள்ளிகள் இருக்கும் இடம் சைலம் இருக்கும் இடமே. சம்பங்கி கிடைக்காத காலத்தில் காசித்தும்பை சிறந்த மாற்று. அதன் தண்டு ஓரளவு ஒளி ஊடுருவுவதாக இருப்பதால், வெட்டாமலேயே வண்ணம் ஏறுவது வெளியே தெரியும், இந்தியப் பள்ளிகளில் சாறேற்றத்துக்கான வழக்கமான செடியாக அது நீண்ட காலம் இருந்துவருவதும் இதனால்தான்.

நிறமாற்றத்தின் வரலாறு வேறொரு வழியில் வருகிறது. ராபர்ட் பாயில் 1664இல் வெளியிட்ட, நிறங்கள் பற்றிய சோதனைகள் அடங்கிய நூலில், வயலட் பூவின் இனிப்புச்சாறு புளிப்பு சேர்த்தால் சிவப்பாகவும் காரம் சேர்த்தால் பச்சையாகவும் மாறுவதை விளக்கி, பொருள்களை இவ்வாறு வகைப்படுத்தலாம் என்று காட்டினார். அமிலம், காரம் என்ற பகுப்பை நிறத்தால் அறியும் முறை அங்கிருந்து வளர்ந்தது. இத்தகைய பொருளைக் காட்டி என்பர், அதாவது தன் நிறமாற்றத்தால் கரைசலின் தன்மையைக் காட்டிக்கொடுக்கும் பொருள். தமிழ், கன்னட வீடுகளில் மஞ்சள் கரைத்த நீரில் சுண்ணாம்பைச் சேர்த்துச் சிவந்த ஆரத்தி எடுக்கும் வழக்கம் நெடுங்காலமானது. மஞ்சளிலுள்ள குர்குமின் என்னும் நிறமி காரத்தில் செம்பழுப்பாகும் அதே வினைதான் அத்தாம்பாளத்தில் நிகழ்கிறது, அதில் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் மீண்டும் மஞ்சளாகிவிடும். திருஷ்டி கழிக்கும் சடங்கை வேதியியல் என்று சொல்லிப் பெருமிதம் கொள்ளத் தேவையில்லை, ஏனெனில் அதைச் செய்தவர்கள் அமிலத்தைத் தேடவில்லை. ஆனால் அந்தக் கைப்பழக்கத்தை அறிந்த பாட்டியிடமிருந்து பாடத்தைத் தொடங்குவது, முட்டைக்கோஸிலிருந்து தொடங்குவதைவிட நேர்வழி.

பூக்களுள் இவ்வினைக்கு ஏற்றவை செம்பருத்தியும் சங்குப்பூவும். செம்பருத்தி ஏற்கெனவே பள்ளிக்கூடத்துப் பூ. புல்லி வட்டம், அல்லி வட்டம், மகரந்தத்தாள் வட்டம், சூலக வட்டம் என்று பூவின் நான்கு அடுக்குகளையும் பெரிதாகவும் தெளிவாகவும் காட்டுவதால் தமிழகத்து உயிரியல் செய்முறைகளில் தலைமுறைகளாக அதுவே மேசைக்கு வந்தது. தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமத்தின் ஏழாம் வகுப்பு அறிவியல் நூலும் லிட்மஸ், மஞ்சள் ஆகியவற்றோடு செம்பருத்தியையும் காட்டியாகச் சேர்த்துக்கொண்டது. சிவப்புச் செம்பருத்தி இதழ்களை வெந்நீரில் ஊறவைத்து எடுத்த சாறு, எலுமிச்சைச் சாற்றில் அடர் இளஞ்சிவப்பாகவும் சோப்பு நீரிலும் சமையல் சோடாக் கரைசலிலும் பச்சையாகவும் மாறும். சங்குப்பூவின் நீலச்சாறு இதைவிடக் கண்ணைக் கவரும். ஒரு சொட்டு எலுமிச்சையில் ஊதாவுக்கும் இன்னும் சில சொட்டுகளில் இளஞ்சிவப்புக்கும் நகரும்.

இந்நிறங்களை உண்டாக்குபவை ஆந்தோசயனின் என்ற நிறமிகள். ஜெர்மன் வேதியியலாளர் ரிச்சர்ட் வில்ஷ்டேட்டர், நீலக் கார்ன்ஃபிளவருக்கும் சிவப்பு ரோஜாவுக்கும் அடிப்படை நிறமி ஒன்றே என்று கண்டு வியப்பை ஏற்படுத்தினார். தாவர நிறமிகள் குறித்த ஆய்வுக்காக 1915இல் நோபல் பரிசு பெற்றார். நிறவேறுபாட்டுக்கு அமில-காரத் தன்மையே காரணம் என்ற அவருடைய விளக்கம் முழுமையானதன்று என்பதும், உலோக அணுக்களோடு நிறமி இணைவதும் காரணமாகிறது என்பதும் பின்னர் தெளிவாயின. இத்துறையில் பெயர் பெற்ற தமிழர், குளித்தலையில் 1900இல் பிறந்த டி. ஆர். சேஷாத்ரி; மான்செஸ்டரில் ராபர்ட் ராபின்சனிடம் பயின்று, வால்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் டெல்லியிலும் பணியாற்றிய அவர், பருத்தி, புளிச்சை முதலிய செம்பருத்திக் குடும்பப் பூக்களின் மஞ்சள் நிறமிகளைப் பிரித்தறிந்தவர்.

பூவைப் பெங்களூரிலேயே ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவந்தவர் சந்திரசேகர வெங்கட ராமன். 1948இல் தாம் நிறுவிய ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தோட்டத்தில் பூச்செடிகளை வளர்த்து, வாழ்வின் பிற்பகுதியில் கையடக்க நிறமாலைமானியின் வழியே இதழ்களைப் பார்த்து, எந்தப் பூ ஒளியின் எந்தப் பகுதியை விழுங்குகிறது என்று குறித்துவந்தார். 1963இல் பூக்களின் நிறங்களும் பார்வையின் உடலியலும் பற்றிய ஆய்வுரையை வெளியிட்டார். நிறமாலைமானி என்பது ஒளியை அதன் கூறுகளாகப் பிரித்துக் காட்டும் கருவி. அதன்வழி பார்க்கும்போது நீல, ஊதாப் பூக்களில் மஞ்சள் பகுதி மங்கிப்போவதை ராமன் வலியுறுத்தினார், நிறமிகளுக்கு ஃபுளோராகுரோம் என்று தாமே பெயரும் வைத்தார். அப்பெயரை வேதியியலாளர்கள் ஏற்கவில்லை, பார்வை பற்றிய அவருடைய கொள்கையையும் உயிரியலாளர்கள் ஏற்கவில்லை. ஆனாலும் நோபல் பரிசு பெற்று முப்பது ஆண்டுகளுக்குப் பின், எழுபது வயதைக் கடந்த ஒருவர் செம்பருத்தியையும் ரோஜாவையும் பார்க்கத்தக்க பொருளாகக் கருதி, ஏறத்தாழ ஒரு குழந்தை எடுக்கக்கூடிய அளவுக்கு எளிய கருவியை எடுத்தது, இந்த வரலாற்றில் முடிவைவிட முக்கியமான செய்தி. பயன்பாட்டில் இல்லாத குறுந்தகட்டின் பளபளப்பான பக்கத்தில் சன்னல் ஒளியைப் பிரித்து, வண்ணக் கண்ணாடித் தாளை இடையில் நீட்டிப் பார்க்கும் குழந்தை அதே வேலையைத்தான் செய்கிறது.

இச்சோதனைகளைக் குழந்தைகளிடம் கொண்டுசேர்த்த இயக்கங்களின் வரலாறு சுருக்கமானது. 1939இல் அடையாறுக்கு வந்து, போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிய மரியா மாண்டிசோரி, செடிகளையும் உயிர்களையும் குழந்தைகள் தாமே நோக்கும் கல்வியை அங்கு விரிவாக்கினார். யுனெஸ்கோ 1956இல் வெளியிட்ட அறிவியல் ஆசிரியருக்கான மூலநூல், ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளியும் தகரமும் கண்ணாடிப் புட்டியும் கொண்டு சோதனை செய்யலாம் என்று காட்டியது. 1972இல் மத்தியப் பிரதேசத்தில் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம், சுற்றுப்புறத்துப் பொருளையே பாடமாக்கி முப்பதாண்டு நடந்து 2002இல் மூடப்பட்டது. தமிழகத்தில் 1980இல் உருவான தமிழ்நாடு அறிவியல் இயக்கம், 1987 முதல் துளிர் இதழின் வழியே எளிய சோதனைகளைத் தமிழில் எழுதியது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1999இல் தொடங்கிய அகஸ்தியா அறக்கட்டளை, ஆந்திரத்தின் குப்பத்தில் வளாகம் அமைத்து, நடமாடும் அறிவியல் வண்டிகளைக் கிராமப் பள்ளிகளுக்கு அனுப்பியது.

நூல்களில் அதிகம் இடம்பெறாத ஒன்றையும் இங்குச் சேர்க்கலாம். பூக்காரர்கள் ஆரஞ்சு நிறத்தில் கட்டும் கனகாம்பரத்தின் முற்றிக் காய்ந்த காயை ஒரு கிண்ணத் தண்ணீரில் போட்டால், சிறிது நேரத்தில் சட்டென்று வெடித்து விதையைத் தெறிக்கவிடும். அதன் உறவான பட்டாசுக்காய்ச் செடியின் காயை எச்சில் தடவி வெடிக்கவிடுவது தமிழகக் கிராமத்துக் குழந்தைகளின் பழைய விளையாட்டு. காய்ந்தபோது இறுகிய ஓட்டின் இரு பாதிகளும் விலகத் துடித்துக்கொண்டிருக்க, நீர்பட்டதும் அவற்றை ஒட்டியிருந்த தையல் இளகிவிடுவதே இதன் காரணம். மழை வந்தபின்தான் விதை பரவ வேண்டும் என்ற தேவைக்கேற்ப அமைந்த பொறி இது. வெடிப்புக்கு ஆகும் நேரத்தை வெந்நீரிலும் குளிர்ந்த நீரிலும் ஒப்பிட்டு எழுதிவைத்தால், விளையாட்டு ஆய்வாகிவிடும்.

பூவைக் கையாளும்போது கவனிக்கவேண்டியவை சில உண்டு. பசுமைக்குடிலிலும் வயலிலும் வணிகத்துக்காக வளரும் ரோஜாவுக்கும் சாமந்திக்கும் பூச்சிக்கொல்லி தெளிப்பது வழக்கமாதலால், அவற்றைச் சாயம் ஏற்றும் சோதனைக்கு மட்டும் பயன்படுத்தி, பின்னர் கைகழுவ வேண்டும். சாறெடுக்கும் செம்பருத்தியும் சங்குப்பூவும் வீட்டுத் தோட்டத்தைச் சேர்ந்தவையாக இருப்பது நல்லது. அரளி, ஊமத்தை ஆகிய நச்சுப்பூக்களைச் சிறுவர் வகுப்புக்குள் கொண்டுவரவே கூடாது. கண்ணுக்குத் தீங்கு செய்யும் சுண்ணாம்பைப் பெரியவர்கள்தாம் கையாள வேண்டும். இவ்வளவையும் ஒரு பக்கத்தில் கன்னடத்திலும் தமிழிலும் அச்சிட்டு, கார்னேஷனை நீக்கிச் சம்பங்கியையும் முட்டைக்கோஸை நீக்கிச் செம்பருத்தியையும் எழுதிவைக்கும் செய்முறைநூலை, எல்லையின் இருபுறமும் உள்ள ஆசிரியர்கள் தாங்களே ஒன்றுகூடி உருவாக்கிக்கொள்ள வேண்டும்.